‘எனக்குத் தைராய்டு இருக்கு’ – சரி, எந்தத் தைராய்டு?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

தைராய்டு பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். இதைப் படித்துவிட்டு மாத்திரையின் அளவை நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அப்படிச் செய்யலாம் என்பது ஒரே ஓர் இடத்தில்தான். அது கர்ப்பிணி கேட்ட கேள்வியில் வருகிறது. மறந்த மாத்திரையை மறுநாள் சேர்த்துப் போடுவதும், ஆபத்து அறிகுறி வந்தால் நிறுத்துவதும் இந்தக் கணக்கில் சேராது.

பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் வேலைக்காக ஊர் மாறியதில் புது டாக்டரிடம் போனோம். “எதற்காக ஆரம்பித்தார்கள்? முதல் ரிப்போர்ட் எங்கே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாத்திரை பெயரைச் சொன்னால் போதாதா?
– ஒரு வாசகி, ஓசூர்

போதாது. தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, 15 முதல் 20 கிராம் எடையில் பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. அதற்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரை ஒன்றையே பலவிதமான ஆட்கள் விழுங்குகிறார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியை மெல்ல அழிக்கும் ஹாஷிமோட்டோ நோயாளி ஒருவர். புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்தவர் ஒருவர். அதிகச் சுரப்புக்குக் கதிரியக்க அயோடின் குடித்து, அதனால் பிறகு சுரப்பு வற்றியவர் ஒருவர். பிரசவத்துக்குப் பின் சில மாதம் சுரப்பி சோர்ந்துபோய், பிறகு தானே தேறியும் மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தாமல் விட்டவர் ஒருவர். சுரப்பி நன்றாகவே இருந்து, அதை ஏவும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி பழுதானவர் இன்னொருவர்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். இவர்கள் எல்லோருக்கும் டி.எஸ்.எச். 0.2 என்று, அதாவது நார்மலைவிடக் குறைவாக, ரிப்போர்ட் வருவதாக வையுங்கள். புற்றுநோய் அறுவை செய்தவருக்கு அது டாக்டர் வேண்டுமென்றே கொண்டுவந்த அளவாக இருக்கலாம். எழுபது வயது ஹாஷிமோட்டோ நோயாளிக்கு அது மாத்திரை கூடிப்போனதன் அடையாளம். அப்படியே விட்டால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம், எலும்பு தேயலாம். பிட்யூட்டரி பழுதானவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை, ரத்தத்தில் கட்டுண்டு போகாமல் இருக்கும் தைராக்சினான ஃப்ரீ டி4-ஐத்தான் பார்க்க வேண்டும். எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது பின்னால் இருக்கும் விவரம்தான்.

உங்களிடம் இருக்கும் காகிதங்களில் விலைமதிப்பு அதிகம் எதற்கென்றால், மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த முதல் ரிப்போர்ட்டுக்கு. மாத்திரை தொடங்கிய பிறகு எத்தனை ரிப்போர்ட் எடுத்தாலும் அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது. பழைய பைலில் தேடிப் பாருங்கள், பழைய லேபிலும் கேட்டுப் பாருங்கள். அதோடு சுரப்பியை உடலே தாக்குகிறதா என்று காட்டும் டி.பி.ஓ. ஆன்டிபாடி ரிப்போர்ட், கழுத்து ஸ்கேன், அறுவை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்சி ரிப்போர்ட்டும், கதிரியக்க அயோடின் கொடுத்திருந்தால் தேதியும் அளவும் வேண்டும். இப்போது சாப்பிடும் மாத்திரை பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘வெள்ளைக் கலர், சின்னது’ என்ற வர்ணனை எல்லா மாத்திரைக்கும் பொருந்தும்.

முதல் ரிப்போர்ட் கிடைக்கவே இல்லையென்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். தற்காலிகக் காரணமாக இருந்திருக்கலாம் என்று டாக்டருக்குத் தோன்றினால், அளவைக் குறைத்து 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்து அவரே முடிவு செய்வார்.

நான் செவிலியர் படிப்பு இறுதியாண்டு மாணவி. தைராய்டு நோயாளியிடம் வரலாறு எடுக்கும்போது புத்தகத்தில் உள்ள பட்டியலைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்கிறார்கள். எப்படிக் கேட்பது?
– எம்.கே., திருநெல்வேலி

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம். ‘அசதி இருக்கா?’ என்று கேட்டால் நம் ஊரில் யார் இல்லை என்பார்கள்? ‘இருக்கா’ என்று கேட்காமல், ‘முன்பு போல இருக்கா, மாறியிருக்கா’ என்று கேட்கப் பழகுங்கள்.

அதற்கு முன் ஹார்மோன் என்ன செய்கிறது என்பது மனதில் இருக்க வேண்டும். சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற தைராக்சினைத்தான் வெளியே விடுகிறது. டி4 ஒரு சேமிப்புச் சரக்கு. கல்லீரலும் மற்றத் திசுக்களும் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகின்றன. உடலில் உள்ள டி3-யில் சுமார் 80 சதவீதம் இப்படிச் சுரப்பிக்கு வெளியே உருவாவதுதான். டி3 செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கி, வெப்பம், இதயத் துடிப்பு, குடல் அசைவு, தோல், தசை, மாதவிலக்கு, மூளையின் வேகம் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறது. ஆகவே ஒரே ஓர் அறிகுறியை வைத்துக்கொண்டு தைராய்டு என்று சொல்ல முடியாது. பல உறுப்புகள் ஒரே திசையில் வேகம் குறைந்திருக்கின்றனவா, கூடியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

குறைசுரப்புக்கு: “வீட்டில் மற்றவர்கள் ஃபேன் போடச் சொல்லும்போது நீங்க போர்வை தேடுறீங்களா?” வெறுமனே ‘குளிர் தாங்குதா’ என்று சித்திரை மாதத்தில் கேட்டு என்ன பயன். “போன்ல பேசினா குரல் மாறிப்போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?” “மாதவிலக்கு முன்னைவிட அதிகமாப் போகுதா, நாள் தள்ளுதா?” “கணக்குப் பார்க்க, பெயர் ஞாபகம் வர நேரம் ஆகுதா?” முக வீக்கத்தைக் கண்டுபிடிக்கப் பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். ஆதார் அட்டை வேண்டாம், அதில் எல்லோருக்குமே முகம் வீங்கித்தான் இருக்கும். கல்யாண ஆல்பம் நல்லது.

அதிகச் சுரப்புக்கு: “நல்லா சாப்பிட்டும் எடை குறையுதா? வளையல், பெல்ட் தளர்ந்துபோச்சா?” “டம்ளரைப் பிடிச்சா காபி சிந்துதா?” “படுத்திருக்கும்போதும் நெஞ்சு படபடக்குதா?” “தரையில் உட்கார்ந்து எழ கையை ஊன்றணுமா?” தொடைத் தசையின் பலவீனத்தைக் காட்டும் கேள்வி இது. கண் உறுத்தல், கண் பிதுங்கல், இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றைத் தனியாகக் கேளுங்கள். அவை, எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தூண்டி அதிகம் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயைச் சுட்டும். கண் நோயை மோசமாக்கும் என்பதால் சிகரெட் பழக்கத்தையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இளவயது ஆண் ஒருவர், முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு, விடியற்காலையில் கால் அசையவில்லை என்று வந்தால் பொட்டாசியத்தோடு தைராய்டும் பார்க்க வேண்டும். அதிகச் சுரப்பின் முதல் அடையாளமே சிலருக்கு அந்தத் திடீர் வாதம்தான்.

எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குக் குறைசுரப்பு நோயாளியால் பெரும்பாலும் தேதி சொல்ல முடியாது, வருடக்கணக்கில் ஊறி வருவது அது. அதிகச் சுரப்பில் மாதக் கணக்காவது சொல்வார்கள். அந்தக் கணக்கு முக்கியம். காய்ச்சல், சளிக்குப் பின் கழுத்து வலியோடு சில வாரமாக இருந்தாலும், குழந்தை பிறந்து 1 முதல் 4 மாதத்துக்குள் வந்திருந்தாலும் அது சுரப்பியின் அழற்சியாக இருக்கலாம். அதில் சேமித்த ஹார்மோன் கசிகிறது, புதிதாக அதிகம் உற்பத்தியாவதில்லை. உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் அங்கே வேலை செய்யாது. இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டால் தேவையில்லாத மாத்திரை மாதக்கணக்கில் ஓடும்.

கழுத்தில் கட்டி என்றால், வேகமாக வளர்கிறதா, குரல் கம்மியதா, விழுங்கச் சிரமமா, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா என்று கேளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிப் பாருங்கள். தைராய்டு கட்டி விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும்.

மருந்துப் பட்டியலில் இதய மருந்து அமியோடரோன் இருந்தால் அடிக்கோடு போடுங்கள். அதன் 200 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஒரு நாள் தேவையோ 150 மைக்ரோகிராம். அதனால் சுரப்பு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். மனநல மருந்து லித்தியம், அண்மையில் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேன், முடி வளர்க்கும் மாத்திரை, பெயரில்லாத ‘இளைக்கும் பொடி’ எல்லாவற்றையும் கேளுங்கள். ‘மருந்து எதுவும் இல்லை’ என்பவர்களுக்கு இவை மருந்துக் கணக்கில் வராது.

பெண்களிடம் இன்னொன்று: “கடைசிப் பிரசவத்தில் இரத்தப்போக்கு ரொம்ப அதிகமா? ரத்தம் ஏத்தினாங்களா? அப்புறம் தாய்ப்பால் சுரந்ததா? மாதவிலக்கு திரும்பி வந்ததா?” இரத்த இழப்பால் பிட்யூட்டரி பட்டுப்போவது ஷீஹன் நோய். அதில் டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். நார்மல் போலவே வரும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தவர் ‘தைராய்டு நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார். அதைவிட ஆபத்து, பிட்யூட்டரி பழுதால் கூடவே குறையும் கார்ட்டிசால் என்ற அட்ரினல் ஹார்மோனைச் சரிசெய்யாமல் தைராக்சினைத் தொடங்குவது. நோயாளி ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். இவ்வளவையும் பிடித்துத் தருவது தாய்ப்பால் பற்றிய அந்தக் கேள்விதான்.

மாஸ்டர் செக்கப்பில் டி.எஸ்.எச். 6.8. டி3, டி4 நார்மல். வயது 72. தொந்தரவு எதுவும் இல்லை. மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா?
– கே.வி., மயிலாப்பூர்

அவசரமே இல்லை. 2, 3 மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். பலருக்கு இந்த எண் தானே இறங்கிவிடும். காய்ச்சலோ ஆஸ்பத்திரி வாசமோ முடிந்த சூட்டில் எடுத்த ரிப்போர்ட்டை நம்பக்கூடாது. டி.எஸ்.எச். அதிகாலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும் என்பதால், இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள்.

டி4 லேசாகக் குறைந்தாலே பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐப் பல மடங்கு ஏற்றிவிடும். அதனால்தான் டி4 நார்மலாக இருக்கும்போதே இந்த எண் எகிறுகிறது. வயதாக ஆக நார்மலின் மேல் எல்லையும் ஏறும். 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், உங்களைப் போல லேசாக ஏறிய 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரில் ஒரு பாதிக்குத் தைராக்சினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகளில் வித்தியாசம் இல்லை. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பேச்சு வேறு. டி.பி.ஓ. ஆன்டிபாடியும் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டு தொடர்ந்த ஆய்வில், டி.எஸ்.எச். ஏற்றமும் ஆன்டிபாடியும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 100-க்குச் சுமார் 4 பேர் முழுக் குறைசுரப்புக்குப் போனார்கள்.

ஒரு நாள்கூட விடாமல் 100 மைக்ரோகிராம் போடுகிறேன். எடை 58 கிலோ. ஆனாலும் டி.எஸ்.எச். 4, 9, 14 என்று ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர் ‘ஒழுங்காப் போடறீங்களா’ என்று சந்தேகப்படுகிறார்.
– ஒரு வாசகி, விருதுநகர்

சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்குக்கூட ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் போதும். உங்கள் எடைக்கு 93 வருகிறது. ஆக 100 பற்றாமல் போவதில்லை. வயிற்றுக்குள் போவது இரத்தத்துக்குள் போகவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

முதல் சந்தேகம் டிகாக்‌ஷன் மேல். மாத்திரையை வாயில் போட்ட கையோடு காபி குடித்தால் உறிஞ்சுவது குறையும். வெறும் தண்ணீரில் விழுங்கி 30 முதல் 60 நிமிடம் காத்திருக்க வேண்டும். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்றால் இரவுக்கு மாற்றுங்கள், சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது. இரவு 10 மணிக்குச் சாப்பிட்டு 10.30-க்குப் படுக்கும் வீடுகளுக்கு இந்த யோசனை உதவாது.

அடுத்தது கூட்டாளி மாத்திரைகள். கால்சியமும் இரும்பும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி வேண்டும். அமிலம் தணிக்கும் திரவ மருந்துக்கும் வயிற்றுப்புண் மருந்தான சுக்ரால்ஃபேட்டுக்கும் இதே விதி. இசப்கோலையும் தள்ளியே வையுங்கள். பான்டோபிரசோல், ஒமெபிரசோல் மாதிரி வயிற்று மாத்திரைகள் வேறு விதம். அவை வயிற்று அமிலத்தையே குறைப்பதால் தைராக்சின் சரியாகக் கரையாது, இடைவெளி விட்டும் பயனில்லை. அதை நிறுத்த முடியுமா, இல்லை தைராக்சினைக் கூட்ட வேண்டுமா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். வலிப்பு மருந்து ஃபெனிட்டாயின், காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் இரண்டும் ஹார்மோனை வேகமாகச் செலவழிக்க வைப்பவை.

பாட்டில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அடுப்படி அலமாரி, ஃப்ரிட்ஜின் தலை, வெயில் படும் ஜன்னல் மூன்றும் கூடாது. தைராக்சின் வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றுக்கும் அடிபடும். ஒரு மாத மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைப்பதைவிடப் பாட்டிலிலேயே இருக்கட்டும். கம்பெனி மாறினாலும் 6 வாரம் கழித்து ஒருமுறை ரத்தம் பாருங்கள். இவை எல்லாம் சரியென்றால் குடல், இரைப்பைக் கோளாறுகளைத் தேட வேண்டும்.

சந்தேகப்படும் டாக்டரையும் ஒரேயடியாகக் குறை சொல்வதற்கில்லை. மாதம் முழுக்க விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகப் போடுகிறவர்கள் உண்டு. ஃப்ரீ டி4 அழகாக, கூடுதலாகவே இருக்கும். டி.எஸ்.எச். மட்டும் எகிறியிருக்கும். டி4-க்குக் கடைசிச் சில நாள்தான் ஞாபகம், டி.எஸ்.எச்.-க்கு 6 வாரம் ஞாபகம் இருக்கும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே கெட்டிருந்தால், இந்தக் கடைசி நேர வேலையை நீங்கள் செய்யவில்லை என்பதற்கு அது சாட்சி. ஃப்ரீ டி4 பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள்.

தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். இப்போது 6 வாரக் கர்ப்பம். டாக்டரைப் பார்க்க 10 நாள் ஆகும். குழந்தைக்கு ஆகாது, நிறுத்திவிடு என்கிறார் அத்தை.
– ஒரு வாசகி, பரமக்குடி

நிறுத்தவே கூடாது, கூட்ட வேண்டும். குழந்தையின் சுரப்பி 12 வாரம் வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது, முழுமையாகக் கைகொடுக்க 18, 20 வாரம் ஆகும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் டி4-தான். ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிறவர் கர்ப்பம் உறுதியானதும் வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 போட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். தினம் ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரண்டு. இன்றே தொடங்குங்கள், டாக்டருக்குப் போனில் சொல்லிவிடுங்கள். பாதி கர்ப்பகாலம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறையும், 30 வாரத்தையொட்டி ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். 2.5-க்குக் கீழ் இருப்பது இலக்கு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளில்தான் பலர் இடறுகிறார்கள். காலை 5.30-க்குத் தைராக்சின், மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவில் இரும்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கால்சியம் இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மாலைச் சிற்றுண்டியோடு. பிரசவம் ஆன உடனே பழைய 75-க்குத் திரும்பி 6 வாரத்தில் சோதியுங்கள். பிறந்த குழந்தைக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறவிக் குறைசுரப்புக்கு முதல் 2 வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும்.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மில்லிகிராம் எடுக்கிறேன். திடீரென டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம் என்று வந்திருக்கிறது.
– எஸ்., கோவை

முடிக்காகப் பலர் விழுங்கும் வைட்டமினான பயோட்டினை நிறுத்தி, குறைந்தது 2 நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். பல லேப் கருவிகள் பயோட்டினைப் பசை மாதிரி பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கின்றன. உங்கள் ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்தக் கணக்கைக் குழப்பி, இல்லாத அதிகச் சுரப்பைக் காட்டும்.

கார்பிமசோல் ஆரம்பித்து 5 வாரம். இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. பாராசிட்டமால் போதுமா?
– ஆர்., சேலம்

கடிதம் எழுதிக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது. இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் கவனிக்கவும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளணுக்களின் எண்ணிக்கை பாருங்கள். அரிதாக, பெரும்பாலும் முதல் 3 மாதத்தில், இந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால் டாக்டர் சொன்னபின் தொடரலாம். குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அந்த மருந்தை இனி ஆயுளுக்கும் தொடக்கூடாது.

அயோடின் உப்பால்தான் தைராய்டு வருகிறது, கல் உப்புக்கு மாறுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. முட்டைக்கோஸ், மரவள்ளியும் கூடாதாமே?
– பி.என்., தூத்துக்குடி

உப்பளத்து ஊரிலிருந்தே கேள்வி! கடலில் விளைவதால் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சி எடுத்த உப்பில் அது அநேகமாக இல்லை, சேர்த்தால்தான் உண்டு. வீட்டுக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியக் கணக்கு. நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு என்றால் 150 கிடைக்கிறது. இமாச்சலின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பு கொடுத்த பகுதிகளில் முன்கழுத்துக் கழலை இறங்கியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். அயோடின் மிதமிஞ்சினால் சிலருக்கு ஹாஷிமோட்டோ தூண்டப்படலாம் என்பது உண்மை, சமையல் உப்பின் அளவு அந்த மிதமிஞ்சலில் வராது. ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிறவர் கல் உப்புக்கு மாறியும் பலனில்லை, அவரால் வீட்டில் குழந்தைகளுக்குத்தான் அயோடின் குறையும்.

முட்டைக்கோஸ், மரவள்ளி, கம்பு மூன்றும் அயோடின் பற்றாத ஊரில், அதையே அன்றாடம் தின்றால் தொல்லை. வேகவைத்து வாரம் இரண்டு முறை சாப்பிடுவதில் ஒன்றுமில்லை. சுரப்பியையே அறுத்து எடுத்தவர்களும் கோஸை ஒதுக்குகிறார்கள். இல்லாத சுரப்பியைக் கோஸ் என்ன செய்யும்?

தைராய்டு வந்ததிலிருந்து 18 கிலோ ஏறிவிட்டேன்.
– ஒரு வாசகி, மதுரை

குறைசுரப்பு ஏற்றுவது வழக்கமாக 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டி.எஸ்.எச். நார்மலான பிறகும் மிச்சம் இருக்கும் கிலோக்களுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. இளைப்பதற்காகத் தைராக்சினைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆயுள் முழுக்க மாத்திரையா? உடம்பைக் கெடுக்காதா?
– டி.ஆர்., தஞ்சாவூர்

உடல் சுரக்கும் அதே டி4 மூலக்கூறுதான் மாத்திரையில் இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் அது கெடுப்பதற்கு ஒன்றுமில்லை. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், குறைசுரப்பு முற்றிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். பிறகு வாய்வழியாகவே கொடுத்து வந்தார். அந்தப் பெண்மணி அதன்பின் 28 ஆண்டு வாழ்ந்தார். அவர் சாப்பிட்டது அளவு துல்லியமில்லாத ஆட்டுச் சாறு. உங்களுடையது மைக்ரோகிராம் கணக்கில் வருகிறது.

நேற்று மாத்திரை போட மறந்துவிட்டேன். இன்று இரண்டு போடலாமா?
– வி., காரைக்குடி

போடலாம். தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே 7 நாள் ஆகும், ஒரு நாள் தவறினால் பெரிய பள்ளம் விழாது. இதய நோயாளிகளும் வயதானவர்களும் மட்டும் இரண்டாகப் போடாமல் அந்த ஒன்றை விட்டுவிடலாம். அடிக்கடி மறக்கிறதென்றால் பாட்டிலைப் பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும். குளியலறை ஈரம் அதற்கு ஆகாது. தலையணைப் பக்கம், ஒரு சொம்புத் தண்ணீரோடு வையுங்கள்.